கப்பலுக்கு முன் ஓட வேண்டிய வண்டி

பழைய மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஓய்வு என்பது, கை நழுவிய நட்டு எங்கே உருண்டது என்று தரையில் தேடுகிற நேரம் மட்டும்தான். ஸ்பேனர் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் முழங்காலை ஒரு முறை தடவிப் பாருங்கள். அங்கே இருக்கிற காய்ப்பு எனக்கும் இருக்கிறது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், கோபமில்லை.

நான் மலாயா ரயில்வே பட்டறையில் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ரப்பர் விலை விழுந்து, ரயிலில் ஏற்றச் சரக்கு இல்லாமல் போனபோது பட்டறையில் ஆள் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருவன். வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்ப இலவசமாகக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள் என்றதும், நானும் என் மனைவி மரகதமும் பேர் கொடுத்துவிட்டோம். ஏழு வாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். எனக்குப் போகத் துளியும் மனமில்லை. அங்கே எனக்கு நிலமும் இல்லை, தொழிலும் இல்லை, என் முகம் தெரிந்த ஆளும் இல்லை. மரகதமோ இங்கே கிள்ளானில் பிறந்தவள். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் முதலில் பெட்டி கட்டத் தொடங்கியது அவள்தான். வேலையில்லாமல் ஒற்றை அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கடலே மேல் என்று முடிவு செய்துவிட்டாள்.

கால்வாயில் கிடந்தவர்

டிரெசர் தேவசகாயம் ஐயாவை நான் முதலில் பார்த்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைக்கிள் கடை வாசலில். டிரெசர் என்றால் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி, காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சல்காரர்களைக் குடியிருப்புக்கே போய்ப் பார்க்கிறவர். இவருடைய தோட்டம் ஆற்றுக்கு அக்கரையில், கேரி தீவில் இருந்தது. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, இடது கை மட்டும் கோட்டுப் பைக்குள். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு உடும்பு குறுக்கே வந்ததாம். உடும்பு பிழைத்துக்கொண்டது. வண்டி கால்வாய்க்குள் போய்த் தென்னங்கட்டைப் பாலத்தில் மோதியதில் இவருக்கு இடது கையில் மூன்று விரல் மடங்காமல் போய்விட்டது. கட்டுப் பிரிக்கக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், சைக்கிள் கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் வேலை போன ரயில்வே ஃபிட்டர் ஒருவன் சும்மா இருக்க முடியாமல் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிறான் என்று கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்திருந்தார்.

அவர் சொன்ன விஷயம் இதுதான். தோட்டத்துத் துரை ஒரு நாள் குறித்திருக்கிறார். அன்று காலை பத்து மணிக்கு டிரெசர் தன் வண்டியில் ஏறித் தோட்டத்தின் எல்லாப் பிரிவையும் சுற்றிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இரண்டு கையும் சரியாக உள்ள வேறு டிரெசர் வருவார். வண்டி ஓடினால், அதை ஓடவைத்த ஆளுக்கு ரப்பர் ஆலையில் எஞ்சின் ஃபிட்டர் வேலை போட்டுத் தரத் துரையிடம் இவரே பேசுவார். துரை குறித்த நாள் வியாழக்கிழமை. எங்கள் கப்பல் அதற்கடுத்த ஞாயிறு. நான் இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே கால் பரபரத்தது. வண்டியைப் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

வண்டி மறுநாள் லோரியில் வந்து இறங்கியது. பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின். முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் பின்பக்கமாக மடங்கியிருந்தது. கடல் ஏறும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் வரும் கால்வாயில் இரண்டு மாசம் கிடந்திருக்கிறது. பெட்ரோல் டாங்கியைக் கவிழ்த்தபோது சேற்றோடு இரண்டு நண்டு விழுந்து ஆளுக்கொரு பக்கமாக ஓடின. என்னோடு வேலை போனவன் அந்தோணி, நல்ல கொல்லன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னான்: "அண்ணே, இதுக்கு ஃபிட்டர் வேணாம்லா, பாதிரியாரைக் கூப்பிடு."

அடுப்படியில் ஒரு விருந்தாளி

பிரித்துப் போட ஒரு பகல் போதுமாயிருந்தது. அதுதான் என் குணத்தில் உள்ள கோளாறு. நல்ல ஃபிட்டர் ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பேர் எழுதி வைப்பான். எனக்கோ ஒன்றைக் கழற்றும்போதே அடுத்ததன் மேல் கண். சாயங்காலம் பார்த்தால் தரை முழுவதும் இரும்பு. எது எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது, அந்தோணிக்கும் தெரியாது. அதைப் பிரித்தறியவே ஒரு வாரம் போனது. அந்த ஒரு வாரமும் என்னையே நான் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

மேக்னெட்டோதான் பெரிய தலைவலி. எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற சாமான் அது. அதன் கம்பிச் சுருள் ஈரம் குடித்திருந்தது. வெயிலில் வைத்தால் மூன்று மணிக்கு மழை வந்துவிடுகிறது. அதனால் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு மேடையில், சூடு மெதுவாகப் படுகிற மூலையில் வைத்தேன். பதினோரு நாள் அது அங்கேயே இருந்தது. நான் வெளியே போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்ப்பேன், திருப்பி வைப்பேன், காதருகே வைத்து ஆட்டுவேன். சோறு வெந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ மரகதம் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, கப்பல்ல இந்தப் பெரியவருக்கும் சேத்துத்தான் பேர் கொடுத்திருக்கீங்களா?"

கட்டிப்போட்ட கை

போர்க்கை நிமிர்த்தியாயிற்று, எஞ்சினுக்குள் இருந்த துருவையும் சுரண்டியாயிற்று. டிரெசர் ஐயாவை வரவழைத்து வெறும் கூட்டின்மேல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். இடது கையைப் பையிலிருந்து எடுத்து ஹேண்டிலில் வைத்தார். மூன்று விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கை செய்ய வேண்டிய வேலையோ கிளச் பிடிப்பது. கிளச்சை இறுக்கினால் எஞ்சின் சக்கரத்தை விட்டுவிடும், தளர்த்தினால் பிடித்துக்கொள்ளும். அது இல்லாமல் வண்டியைக் கிளப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அவர் முகத்தில் வேர்வை. முயற்சி செய்து பார்க்கிறேன் என்றார். விரலும் மடங்கவில்லை, கிளச் பிடியும் அசையவில்லை. அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்ததால் நான் நட்டு தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் என் இடது கையில் அதே மூன்று விரலைக் குச்சி வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் வரை அவிழ்க்கவில்லை. சட்டைப் பித்தானோடு சண்டை, கிணற்றுக் கயிற்றோடு சண்டை, சைக்கிளில் ஏறி வேலியில் விழுந்தேன். நாள் முழுக்க எரிச்சல்பட்டதில் ஒன்று மட்டும் புரிந்தது. கை படாத பாடு படும்போது இடது கால் அது பாட்டுக்குச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழைய சைக்கிளின் பெடல் கட்டையை அறுத்து, கம்பியை நீட்டி, கிளச்சைக் காலுக்குக் கொண்டுவந்தேன். மற்ற பிடிகளை எல்லாம் வலது கைப் பக்கம் மாற்றினேன். டிரெசர் ஐயா வந்து இடது காலால் ஒரு மிதி மிதித்தார். கிளச் விட்டது. மறுபடியும் மிதித்தார். அப்புறம் குழந்தை மாதிரி பத்துத் தரம் மிதித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு டாக்டருங்க என் கையைப் பார்த்தாங்க முத்தையா. என் காலு சும்மா இருக்குன்னு நீங்க ஒருத்தர்தான் பார்த்தீங்க."

ஸ்டேஷன் மாஸ்டரின் கால்சட்டை

எஞ்சின் மூன்று நாள் கிளம்பவில்லை. மிதித்து மிதித்து எனக்குக் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. நாலாம் நாள் காலையில், ஒன்றும் நடக்காது என்ற அலட்சியத்தோடு ஒரு மிதி மிதித்தேன். பட்டென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் தகரக் கொட்டகையே அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்து சந்துக்குள் விட்டேன்.

இங்கேதான் என் மூளை கோட்டைவிட்டது. கிளச் கையில் இருந்தால், பயந்தவன் கையை இறுக்குவான், வண்டி நின்றுவிடும். கிளச் காலில் இருந்தால் பயந்தவன் என்ன செய்வான்? காலைத் தூக்குவான். சந்து முனையில் ஒரு வாத்து குறுக்கே வந்தது. கிளச்சைப் பாதி மிதித்தபடி மெதுவாகப் போன நான் இரண்டு காலையும் தூக்கினேன். வண்டி பாய்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் சலவைக்காரர்கள் துணி காயப்போடும் திடல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கொடியை அறுத்துக்கொண்டு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளைக் கால்சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய், கஞ்சித் தொட்டியில் முட்டி நின்றேன். பிறகு அந்தப் பெடலை முன்னும் பின்னும் சாய்கிற மாதிரி மாற்றினேன். முன்பக்கம் சாய்த்தால் கிளச் பிடித்து அப்படியே நிற்கும், பின்பக்கம் சாய்த்தால் விட்டு அப்படியே நிற்கும், காலைத் தூக்கினால் ஒன்றும் ஆகாது. அது பிறகு. அப்போதைக்குச் சலவைக்காரர் என் தலையிலிருந்து கால்சட்டையை உருவி, உதறிப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "மாஸ்டர் இதைப் போட்டுக்கிட்டு ஒரு நாளும் இம்புட்டு வேகமா வேலைக்குப் போனதில்லப்பா."

பட்டறைப் புத்தி

ஒரு கை பலமாகவும் ஒரு கை பலவீனமாகவும் உள்ளவர் ஓட்டினால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். செம்மண் ரோட்டுப் பள்ளத்தில் கவிழ்ந்துவிடும். அதனால் பக்கவாட்டில் மூன்றாவதாக ஒரு சக்கரம் வைத்து சைடுகார் கட்டுவது என்று தீர்மானித்தோம். மருந்துப் பெட்டியும் அதில் போகும், நடக்க முடியாத நோயாளி இருந்தால் அவரையும் ஏற்றிக்கொள்ளலாம். கப்பலுக்குப் பதினாறு நாள் இருந்தது. எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. விடியும் முன்பே கொட்டகைக்கு ஓடிவிடுவேன்.

என் சக ஃபிட்டர்களே, இந்த இடத்தில் மட்டும் என்னைத் திட்டாதீர்கள், உங்களில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள். ரயில்வேயில் வேலை பழகியவனுக்கு ஒரு நோய் உண்டு. எதைச் செய்தாலும் அதன்மேல் ஒரு எஞ்சின் ஏறப்போகிறது என்ற நினைப்பிலேயே செய்வான். அடித்தட்டுக்குப் பழைய பாய்லரின் தடித்த இரும்புத் தகடு. சுற்றிலும் கோண இரும்பு. பூட்டியதை யாரும் கழற்றக் கூடாது என்று எல்லா மூட்டிலும் தலை தட்டிய ரிவெட். எடை? அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பட்டறையில் எதைத் தூக்க வேண்டுமானாலும் தலைக்கு மேலே கிரேன் இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சாமானையாவது இது எவ்வளவு கனம் என்று நான் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் அந்தோணி சைடுகார் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தான். கிறீச் என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. பெருமையில் அவன் நெஞ்சு நிமிர்ந்தது: "அண்ணே, பின்னால நாலு கோச்சு மாட்டினாலும் இழுக்கும் போ."

கிள்ளான் ரோட்டில் ஒரு மாடு

புதன்கிழமை காலையில் கிளம்பினோம். டிரெசர் ஐயா ஓட்டினார், நான் சைடுகாரில். கிள்ளானில் அவருடைய உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் ஆற்றைத் தாண்டுவதாகத் திட்டம். சமதரையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பெடலும் சொன்னபடி கேட்டது. ஆனால் சின்ன மேடு வந்தால்கூட எஞ்சின் சூடேறி முனகத் தொடங்கிவிடும். இறங்கி, மரநிழலில் நிறுத்தி, விசிறிக்கொண்டு நிற்போம். டிரெசர் ஐயா வேதப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமைதியாகப் படித்தார். நான் ரோட்டில் இருபது அடி அந்தப் பக்கம், இருபது அடி இந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்தேன். ரோடு சரியில்லை, பெட்ரோல் சரியில்லை என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். பாய்லர் தகட்டின் மேல் மட்டும் போடவில்லை.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய ஒரு மாட்டுவண்டியை நாங்கள் புழுதி பறக்க முந்திப் போனோம். முதல் தடவை நின்றபோது அது எங்களைத் தாண்டிப் போனது. திரும்ப முந்தினோம். மறுபடி நின்றோம், மறுபடி தாண்டிப் போனது. வண்டிக்காரரும் மாடுகளும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது கயிற்றை இழுத்து நிறுத்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அண்ணே, அவசரம்னா நம்ப வண்டியில ஏறிக்குங்களேன்."

சம்பான்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம். அக்கரை கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்தது. அங்கே போகச் சம்பான்தான், துடுப்புப் போடுகிற மரப்படகு. படகுக்காரர் பாக் மான் என்கிற மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். விபத்துக்கு முன் டிரெசரின் வண்டியைப் பல முறை ஏற்றி இறக்கியவர். பலகை போட்டு வண்டியைத் தள்ளினோம். முன் சக்கரம் ஏறியது. பின் சக்கரம் ஏறியது. சைடுகார் சக்கரம் விளிம்பைத் தொட்டதும் சம்பான் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, ஆறு உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. பாக் மான் தண்ணீரில் குதித்துத் தோள் கொடுத்துத் தள்ளினார். மூன்று பேரும் மூச்சு வாங்கி, எப்படியோ கரைக்கு இழுத்துவிட்டோம். அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைக்கு மேலே பார்த்தேன். அங்கே கிரேன் இல்லை, வெறும் வானம்தான் இருந்தது.

பாக் மான் கைலியைப் பிழிந்துகொண்டே சைடுகாரின் அடியில் தட்டிப் பார்த்தார். கோயில் மணி மாதிரி ஒலித்தது. இது மோட்டாரா, இல்லை வீடா என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. மலாயில் என்னிடம் கேட்டேவிட்டார்: "இனி மோட்டோர் கா, ரூமா கா?"

உளியும் பிரம்பும்

மணி ஏழரை. டிரெசர் ஐயா ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திருகாக இருந்தால் கழற்றிவிடலாம். நான்தான் யாரும் கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்து வைத்திருக்கிறேனே! உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். ஒவ்வொரு ரிவெட்டாகத் தலையை வெட்டினேன். நானே பெருமையாக அடித்தவற்றை நானே வெட்டும்போது வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு வேலை வேகமாக ஓடும். ஒரு மணி நேரத்தில் பாய்லர் தகடு சேற்றில் கிடந்தது, கோண இரும்பில் பாதி அதன்மேல் கிடந்தது. மிஞ்சியது ஒரு சக்கரம், இரண்டு குழாய், அவற்றை ரிவெட்டுக்குப் பதிலாக வண்டியோடு பூட்ட என் பையிலிருந்த நான்கு போல்ட்.

தகடு போன இடத்தில் மருந்துப் பெட்டியை எதன்மேல் வைப்பது? பாக் மான் அதுவரை குந்தி உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சம்பானின் தரைப்பலகை இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். இடுப்பிலிருந்து பிரம்புச் சுருளை எடுத்தார். ரிவெட்டும் இல்லை, ஆணியும் இல்லை. பிரம்பை வளைத்து வளைத்து இறுக்கிப் பலகையைக் குழாயோடு கட்டினார். நான் சந்தேகப்பட்டு அதன்மேல் ஏறி நின்றேன். வளைந்து கொடுத்ததே தவிர அசையவில்லை. வண்டி ஒரு நடை, சைடுகார் ஒரு நடை என்று அக்கரை சேர்ந்து, பூட்டி, மிதித்தேன். முதல் மிதியிலேயே பிடித்தது. டிரெசர் ஐயா தொப்பியை அழுத்திக்கொண்டு புறப்பட்டபோது பாக் மான் துடுப்பை ஊன்றி நின்று சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "இரும்பு எல்லாத்தையும் கெட்டியாப் பிடிக்கும். ஆனா தண்ணியில போறவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற சாமான்தான் வேணும்."

துரையின் தமிழ்

ஆலை வாசலில் துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் தாமதம். டிரெசர் ஐயா வண்டியை நிறுத்தாமலே தொப்பியைத் தூக்கிவிட்டு முதல் பிரிவுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே நடந்து வந்து ஆலைச் சுவரோரம் நின்றேன். உள்ளே எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. பெல்ட் ஒரு பக்கம் உரசுகிறது, வாஷர் தேய்ந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை வந்ததும் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். மரகதத்துக்கு இங்கே வீடு எப்படிக் கிடைக்கும், தண்ணீர் எங்கே எடுப்பாள் என்றெல்லாம் நினைப்பு ஓடிவிட்டது.

ஒன்றேகால் மணி நேரத்தில் டிரெசர் ஐயா எல்லாப் பிரிவையும் சுற்றித் திரும்பினார். வழியில் ஒரு பையனின் காலில் இருந்த புண்ணுக்குக் கட்டுக்கூடப் போட்டுவிட்டு வந்திருந்தார். சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றார். துரை குனிந்து பெடலைப் பார்த்தார், பூட்ஸ் காலால் முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார், பிரம்புக் கட்டுகளை இழுத்துப் பார்த்தார். டிரெசர் ஐயா என்னைக் காட்டி இங்கிலீஷில் நிறையப் பேசினார். துரை பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ஆலையை வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓட்டினால் போதும், புது ஆள் எடுக்காதே என்று அந்த வாரம்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததாம். துரை என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டும் என்று தோட்டத்துத் தமிழிலேயே சொன்னார்: "வண்டி ரொம்ப நல்லா இருக்கு. டிரெசர் இருக்கலாம். உனக்கு வேலே இல்லே."

கோழிக்கு அடியில்

டிரெசர் ஐயா ஆற்றங்கரை வரைக்கும் என்னோடு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். பொய். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. என் கையால் செய்த வண்டி அவரைக் கரையேற்றிவிட்டு என்னை மட்டும் கப்பல் ஏற்றுகிறதே என்று நினைத்தேன். சம்பானில் ஏறித் தலையைக் குனிந்துகொண்டேன். சும்மா உட்கார்ந்திருக்கக் கை வரவில்லை. பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பாக் மான் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தினார். உப்புத்தண்ணீரில் செத்துக்கிடந்த எஞ்சினை எழுப்பியது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் இக்கரையில் தன் வீட்டுக்கு ஒரு நிமிஷம் வர முடியுமா என்றார். ஆற்றோரம், பாதி கரையிலும் பாதி தண்ணீரிலுமாக மரக்கால் ஊன்றி நின்ற மரவீடு. அடியில் குனிந்து நுழைந்தோம். இருட்டில், பழைய படகு எஞ்சின் ஒன்று கோணலாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஓடியதில்லையாம். அலை எதிர்த்து வரும்போது துடுப்புப் போட்டுப் போட்டு அவருக்கும், அந்தக் கரையில் இருந்த மற்ற மூன்று படகுக்காரர்களுக்கும் தோள் விட்டுப்போகிறதாம். அவர் பேசிக்கொண்டே போனார். தங்க மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது, பட்டறை போடப் பக்கத்தில் மேட்டு நிலம் இருக்கிறது, அக்கரைக்குப் போகிற சைக்கிளும் மோட்டாரும் எல்லாம் இந்தத் துறையில்தான் வந்து நிற்க வேண்டும், இங்கே ஒரு ஃபிட்டர் இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார்.  அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கோழியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும், என் ஆயுளில் முதல் தடவையாக, வரிசையாக வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மரகதம் கட்டி முடித்த பெட்டியின்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துரை இல்லை என்றதையும் சொன்னேன், பாக் மான் வா என்றதையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் என்ன சொல்வாளோ என்று நிற்க முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நடந்துவிட்டேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏழு வாரமா நான் கப்பலுக்குன்னு பெட்டி கட்டுறேன், நீங்க சம்பானுக்கு ஆள் சேந்துட்டு வந்து நிக்கிறீங்க. சரி, தண்ணி மேல இருக்கிற அந்த வீடாச்சும் ஆடாம ஒரு இடத்துல நிக்குமா?"

பன்னிரண்டு வருஷம் ரயிலுக்கும் ஏழு வாரம் ஒரு டிரெசருக்கும் ஓடி ஓடி உழைத்து நான் தேடிய வேலை, கடைசியில் ஒரு கோழிக்கு அடியில் கிடந்தது.